பங்கு பிரிக்காத சீர்த்தட்டு

நம் பள்ளிக்கூட செட்டில் முக்கால்வாசிப் பேர் இப்போது தாய்மாமன்கள். போன வாரம் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்ட் எதிரே டீக்கடையில் நின்று நாம் பேசியதும் அதைத்தான். எத்தனை தட்டு வைக்கிறே, மேளம் உண்டா, பறக்கிற கேமரா உண்டா. முன்நெற்றி ஏறி, காதோரம் ஒன்றிரண்டு வெள்ளை முடி எட்டிப் பார்க்கிற நேரத்தில் நமக்கு வந்திருக்கிற பதவி இது. என் அக்கா மகள் பெரியவளாகிவிட்டாள் என்று சொன்னதும் என் முதுகில் ஒரு தட்டு தட்டி, "மாமங்காரா, தட்டு எண்ணிக்கையில நம்ம ஸ்கூல் மானத்த வாங்கிடாத" என்றீர்கள். நான் சிரித்து மழுப்பிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். பதிலை இப்போது எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒரு திருத்தம். ஆண்டு விழா மேடையில் என்னைக் கூப்பிடும்போதெல்லாம், "அவங்க குடும்பத்துலயே முதல்ல பள்ளிக்கூடம் போனவர்" என்று மைக்கில் சொல்கிறீர்கள். தப்பு. எங்கள் வீட்டிலிருந்து முதலில் பள்ளிக்கூடம் போனவள் என் அக்கா. நான் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனவன். அவள் படிப்பு ஒரு கார்த்திகை மாதத்தில் நின்றிருக்க வேண்டியது. அது எப்படி நிற்காமல் போனது என்பதை எங்கள் சொந்தக்காரர்கள் இப்போது அவரவர் வசதிக்குச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். நான் அந்த அறையில் இருந்தவன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா அப்போது எட்டாவது, நான் ஆறாவது. நம் டிராயிங் மிஸ்ஸை நினைவிருக்கும். வாரத்தில் சில நாள் மட்டும் வருவார், பையில் எப்போதும் போஸ்டர் கலர் புட்டிகள் குலுங்கும். அவர்தான் மாவட்ட ஓவியப் போட்டி என்று ஒன்றைச் சொன்னார். தலைப்பு, பழங்களும் மலர்களும். எதிரே வைத்து, கண்ணால் பார்த்து வரைய வேண்டும். நம் பள்ளிக்கூடமே அந்த வருடம் ஒரே காலண்டரைப் பார்த்து வரைந்தது. கண்ணாடிக் கிண்ணத்தில் ஆப்பிள், வழிகிற திராட்சை, பக்கத்தில் ரோஜா வைத்த பூச்சாடி. நீங்களும்தான் வரைந்தீர்கள், மறுக்காதீர்கள்.

அக்காவுக்குக் காலண்டர் பிடிக்கவில்லை. "மிஸ்ஸு பாத்துப் போட சொல்லிக்கிறாங்கடா. ஆனா நம்ம வூட்ல பழம் எங்கடா சும்மா ஒக்காந்துகினு கீது?" என்றாள்.

யோசித்துப் பார்த்தால் உண்மைதான். நம் வீடுகளில் பழம் உட்காராது. யாருக்காவது காய்ச்சல் என்றால் ரெண்டு சாத்துக்குடி வரும், வந்த வேகத்தில் சாறாகிப் போகும். கொய்யா, மரம் பழுக்கும் முன்பே நம் பல்லுக்குப் பழுத்துவிடும். பூ கடையிலிருந்து நேராக சாமி படத்துக்குப் போகும், மிச்சம் அம்மாவின் கொண்டைக்கு. பழமும் பூவும் சேர்ந்து, யாரும் தொடாமல் ஒரு பொழுது முழுக்க இருப்பது ரெண்டே இடத்தில்தான். ஒன்று, செத்தவர் தலைமாட்டில். இன்னொன்று, சீர்த்தட்டில்.

ஜன்னல் திட்டில் ரெண்டு கொய்யாவும் ஒரு செம்பருத்தியும் வைத்து அக்கா ஆரம்பித்துப் பார்த்தாள். செம்பருத்தியை ஆடு தின்றது. கொய்யா எங்கே போனது என்று ஆடுதான் சொல்ல வேண்டும்.

அந்த வாரத்தில்தான் அவள் பெரியவளானாள்.

மாமா வந்து வீட்டுப் பக்கவாட்டில் பச்சைத் தென்னங்கீற்றில் குடிசை கட்டினார். அம்மாவின் தம்பி. மாகறலில் நிலம், சொந்த டிராக்டர், தடித்த மீசை, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. என்னை மடியில் உட்கார வைத்து ஸ்டியரிங் பிடிக்கவிடும் ஒரே பெரிய மனுஷர் அவர்தான் என்பதால் எனக்கு அவர் மேல் உயிர். குடிசைக்குள் அக்காவுக்குத் தனிப் பாய், தனித் தட்டு, தனித் தம்ளர். மழை விட்டு விட்டுப் பெய்தது. கீற்றிலிருந்து சொட்டுகிற தண்ணீரை ஈர்க்குச்சியால் இழுத்து, மண்தரையில் வட்டம் வட்டமாகப் போட்டுக்கொண்டே இருந்தாள். பழங்கள்தான். மிஸ் கொடுத்த தடித்த சார்ட் பேப்பரையும் கலர் புட்டிகளையும் நான் சட்டைக்குள் வைத்து, நனையாமல் கொண்டுவந்து குடிசை வாசலில் உருட்டிவிட்டேன். "மாசக் கடசிக்குள்ள குடுத்துடணுமாம்" என்றேன்.

"எத்தப் பாத்துடா போடறது?" என்று அழுகிற குரலில் கேட்டாள்.

சடங்கு நாளில் அதற்குப் பதில் டிராக்டர் டிரெய்லரில் வந்து இறங்கியது.

மேளம் முன்னால் வர, மாகறல் பெண்கள் வரிசையாகத் தட்டேந்தி வந்தார்கள். எவர்சில்வர் தட்டுகள், எல்லாம் வாடகை. ஒன்றில் ஆப்பிள் கோபுரம். ஒன்றில் கமலா ஆரஞ்சு. வாய் பிளந்த மாதுளை, ஒரு சீப்பு இல்லை, ஒரு தாரே வாழைப்பழம், கறுப்புத் திராட்சை, நடுவில் கொண்டை வைத்த அன்னாசி. பூவுக்குத் தனித்தட்டுகள்: மஞ்சள் சாமந்தி, ரத்தச் சிவப்பில் ரோஜா, பந்து பந்தாகக் கனகாம்பரம். எல்லாவற்றின் மேலும் கலர் கண்ணாடிக் காகிதம். அம்மாவின் அக்கா, ஓரிக்கைப் பெரியம்மா, வாசலிலேயே நின்று விரல்விட்டு எண்ணினாள். "ஒத்தப்படதான் வந்துக்கிது. எந்தம்பி கொறை வெப்பானா?" என்று தெருவுக்கே கேட்கச் சொன்னாள்.

அக்கா மாலையும் மஞ்சள் பட்டுமாக நாற்காலியில் இருந்தாள். ஆரத்தி சுற்றுகிறார்கள், நலங்கு வைக்கிறார்கள், அவள் கண் தட்டுகளை விட்டு நகரவில்லை. வீடியோக்காரர் கெஞ்சினார், "பாப்பா, இங்க கேமராவ பாரும்மா." ஒரு நொடி பார்த்துவிட்டு மறுபடியும் தட்டு. அந்தக் கேசட் ரொம்ப நாள் எங்கள் பரண் மேல் இருந்து, பூஞ்சை பிடித்து, நாடா ஒட்டிக்கொண்டு போய்விட்டது. இருந்திருந்தால் போட்டுக் காட்டுவேன். ஊர்ப் பெண்கள் எல்லாம் கேமராவைப் பார்த்துச் சிரிக்க, சடங்குக்காரி மட்டும் ஆப்பிளை அளந்துகொண்டிருப்பாள்.

சாயங்காலம் பெரியம்மா மஞ்சள் பைகளோடு வந்து உட்கார்ந்தாள். சீர்ப் பழத்தைப் பங்கு வைத்துப் பங்காளி வீடுகளுக்குக் கொடுப்பதுதான் வழக்கம். கண்ணாடிக் காகிதத்தைக் கிழிக்கப் போன கையை அக்கா பிடித்துக்கொண்டாள்.

"இரு பெரிம்மா. யாரும் தொடக் கூடாது."

"இன்னாடி சொல்ற?"

"இந்தச் சீரு யாருக்கு வந்துச்சி?"

"உனுக்குத்தான் வந்துச்சி."

"எனக்குத்தான வந்துச்சி? அப்ப நான் சொல்றப்ப பிரிக்கலாம்."

அத்தனை நேரம் நாற்காலியில் பொம்மையாக உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு வாய் முளைத்துவிட்டதே என்று பெரியம்மா அம்மாவைப் பார்த்தாள். அம்மா அடுப்பைப் பார்த்தாள். வாசலில் நின்றிருந்த மாமா மீசையைத் தடவிக்கொண்டு, "வுடுக்கா, அதும் ஆச" என்றார். அந்த வார்த்தையில்தான் எல்லாம் கோணலாகத் தொடங்கியது. ஆசை.

அக்கா கூடத்தில், வாசற்படிக்கு நேராகத் தட்டுகளை அடுக்கினாள். எங்கள் வீட்டில் வெளிச்சம் வருகிற வழி அது ஒன்றுதான். காகிதத்தை அவளே பிரித்தாள். ஆப்பிளைக் கொஞ்சம் சாய்த்தாள், வாழைத்தாரைப் பின்னால் தள்ளினாள், சாமந்தியை முன்னால் கொட்டினாள், எழுந்து தள்ளிப்போய்ப் பார்த்தாள், மறுபடியும் வந்து மாற்றினாள். பூவுக்குத் தண்ணீர் தெளிப்பது என் வேலை. காவலும் நான்தான். மாடு ஓட்டுகிற குச்சியோடு தட்டுகளுக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவேன். ஈ, எறும்பு, கோழி, சித்தப்பா பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே சட்டம்.

என்ன காவல் காத்து என்ன? நான் பள்ளிக்கூடம் போயிருந்த நேரம் அன்னாசி காணாமல் போனது. பெரியம்மா ஓரிக்கைக்குத் துணி எடுத்துவரப் போயிருந்தாள், அவள் பையோடு அதுவும் போயிருந்தது. திரும்பி வந்தவள், "வூட்டுக்காரரு ரொம்ப நாளா கேட்டுக்கினு இருந்தாரு, ஒண்ணே ஒண்ணுதான" என்றாள். அக்கா பலகையை மடிக்கு இழுத்தாள். படத்தில் அன்னாசிக்கென்று பென்சிலில் போட்டிருந்த கோட்டை ரப்பர் வைத்து அழித்தாள். அந்த இடத்தைக் காலியாக விட்டாள்.

"வேற எதுனா அங்க வெச்சி போடேன்" என்றேன்.

"அங்க ஒண்ணும் இல்லியேடா."

அடுத்து வாடகைத் தட்டுக்காரர் சைக்கிளில் வந்து மணியடித்தார். "இன்னாம்மா இது பேஜாரு? ராஜகுளத்துல கல்யாணம், தட்டுக்கு நிக்கிறாங்க. நீங்க கொலு வெச்சிக்கினு கீறீங்க." அக்கா அவரிடமும் பேசிப் பார்த்தாள். அவர் மசியவில்லை. கடைசியில் ஆப்பிள் இருந்த ஒரு தட்டை மட்டும் எங்கள் வீட்டுத் தட்டு ஒன்றுக்கு மாற்றாக விட்டுவிட்டு, மற்றதைக் கவிழ்த்துக் கட்டிக்கொண்டு போனார். பழங்கள் அரிசி புடைக்கிற முறங்களில் ஏறின. அக்கா படத்தில் அதுவரை வரைந்த தட்டுகளை அழித்து முறம் போட்டாள். ஒரு தட்டு, மற்றதெல்லாம் முறம்.

வாழைப்பழம் கறுக்க ஆரம்பித்தது. அதையும் போட்டாள். அம்மா எட்டிப் பார்த்து, "நல்லா கீறத போடுடி. அழுவுனத எதுக்குப் போடற?" என்றாள்.

"அதுவும் அங்கதானம்மா கீது."

அம்மா ஒரு நிமிஷம் படத்தையும் பழத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அதற்குப் பிறகு அடிக்கடி ஏதாவது சாக்கில் வந்து பார்த்துவிட்டுப் போவாள். கேட்டால் உப்பு டப்பா தேடுவதாகச் சொல்வாள்.

இதற்குள் பெரியம்மாவின் கண்ணுக்கு வேறு படம் தெரிந்துவிட்டது. காலையிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும் ஒரு பெண் தாய்மாமன் வைத்த சீரின் முன்னால் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். பூ வாடாமல் தண்ணீர் தெளிக்கச் சொல்கிறாள். யாரையும் தொட விடமாட்டேன் என்கிறாள். "மாமன் சீர சாமி கணக்கா வெச்சிக் காப்பாத்துது பாரேன்" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னாள். அது மாகறல் வரைக்கும் போய், மாமா ஒரு கூடை புது ஆப்பிளோடு வந்து நின்றார். அக்கா குளிக்கப் போயிருந்த நேரம், சுருங்க ஆரம்பித்த ஆப்பிள்களை எடுத்து மாட்டுத் தொட்டியில் போட்டுவிட்டுப் புதுசை அவரே அடுக்கி வைத்தார்.

ஈரத் தலையோடு வந்த அக்கா ஒரு கத்து கத்தினாள். "யாரு இத்த மாத்துனது? என் ஆப்பிளு எங்க?"

"புதுசு கண்ணு. காஞ்சிவரத்துல வாங்கினேன்" என்றார் மாமா.

"எனக்குப் புதுசு வேணாம். மொதல்ல நீ கொண்டாந்த ஆப்பிளுதான் வேணும்!"

தொட்டிக்கு ஓடினோம். கன்றுக்குட்டி கடைசி ஆப்பிளை மென்றுகொண்டு எங்களைப் பார்த்தது. அக்கா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அந்த ஆப்பிளில் ஒரு பக்கம் மஞ்சள் ஓடியிருந்தது, அந்த மஞ்சளை அப்போதுதான் பிடித்து முடித்திருந்தாள். பெரியம்மாவோ முகவாயில் கை வைத்துக்கொண்டு, "கேட்டியாடி? மாமன் மொத மொத கொண்டாந்த ஆப்பிளுதான் வேணுமாம்" என்றாள். மாமாவின் முகம் சிவந்து, மீசை ஒரு பக்கமாகச் சிரித்தது.

இப்போது யோசித்தால், அவர்கள் ஒருவரும் கெட்டவர்கள் இல்லை. அக்காவின் மனசில் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் செய்தார்கள். ஒரு பெண் ஒரு பொருளை அவ்வளவு நேரம் பார்த்தால், அதைக் கொண்டுவந்த ஆளைத்தான் பார்க்கிறாள் என்று முடிவு கட்டினார்கள். பொருளையே பார்ப்பாள் என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை. பதின்மூன்று வயதுப் பெண் அவள் என்பதும் தோன்றவில்லை.

அன்று சாயங்காலம் கூடத்திலேயே பேச்சு நடந்தது. நான் வேர்க்கடலை உடைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தேன். அக்கா தோட்டத்தில் முறம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஒம்பதாவதுக்கு பஸ்ஸுல போவணும். வயசுப் பொண்ண எப்பிடி அனுப்பறதுன்னு நானே கொயம்பிக்கினு இருந்தேன்" என்றார் நைனா. அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்.

"கொயப்பம் இன்னா கீது? பொண்ணே ஆசயா கீது. வெள்ளிக்கெயம பூ வெச்சிடலாம். கண்ணாலத்த நாலு வருசம் பொறுத்து வெச்சிக்கலாம். அது வரிக்கும் வூட்டோட இருக்கட்டும்" என்றாள் பெரியம்மா.

"அதும் வாயால ஒரு வார்த்த கேட்டா..." என்று அம்மா இழுத்தாள்.

"இன்னும் இன்னாடி கேக்கறது? ஒரு வாரமா கேட்டுக்கினுதான கீறோம்?"

பூ வைத்துவிட்டால் முடிந்தது. அதற்குப் பிறகு அந்தப் பெண் அந்த வீட்டுக்குத்தான் என்று ஊர் பேசும். பள்ளிக்கூடம் இல்லை. கடலையை அப்படியே போட்டுவிட்டுத் தோட்டத்துக்கு ஓடினேன்.

"வெள்ளிக்கெயமயா?" என்றாள் அக்கா. "காலையிலயா, சாயந்தரமா?"

"காலையில."

"சே. காலையிலதான்டா நல்லா வெளிச்சம் வரும்."

அவளுக்குப் புரியவில்லை என்று நினைத்து, "அக்கா, பூ வெச்சிட்டா ஸ்கூலே இல்லியாம்" என்றேன்.

"தெரியும். பிரஷ்ஷ கழுவிக்கினு வா."

வெள்ளிக்கிழமை மழை இல்லை. வாசற்படி தாண்டி வெயில் நீளமாகக் கூடத்துக்குள் வந்து முறங்களின் மேல் படுத்திருந்தது. அக்கா முதல் நாள் போட்ட பாவாடையிலேயே, முழங்கை வரைக்கும் கலரோடு உட்கார்ந்திருந்தாள். புதுத் துணி கட்டச் சொல்லி அம்மா கூப்பிடவே இல்லை. அது அப்போது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

மாமா வெள்ளை வேட்டியில் வந்தார். அவரோடு மாகறலிலிருந்து ரெண்டு பெரியவர்கள். மல்லிகை கிடைக்காத அந்தக் கார்த்திகையில் எங்கே பிடித்தார்களோ, வாழை இலையில் சுருட்டி நெருக்கமாகக் கட்டிய மல்லிகைச் சரம். பிரித்ததும் கூடத்தில் அதுவரை இருந்த அழுகின வாழைப்பழ வாசனை பின்வாங்கியது. மாமா உள்ளே வராமல் கூச்சத்தோடு வாசற்படியில் நின்றார். நைனா துண்டைத் தோளில் சரிசெய்தார். பெரியம்மா சரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, "எய்ந்து வாம்மா, கெயக்குப் பாத்து ஒக்காரு" என்றாள்.

"கொஞ்சம் இரு பெரிம்மா."

"எய்ந்து வாடின்னா."

அக்கா எழவில்லை. சரி, இருக்கிற இடத்திலேயே வைத்துவிடலாம் என்று பெரியம்மா குனிந்தாள். பூ அவள் தலைக்குப் போகும் முன் அக்கா கையை நீட்டினாள். பறிக்கவில்லை. கொடு என்று கேட்கிற மாதிரி, ரெண்டு கையையும் சேர்த்து நீட்டினாள். பெரியம்மா பழக்கதோஷத்தில் கொடுத்துவிட்டாள். நீட்டின கைக்கு யார்தான் பூ கொடுக்கமாட்டார்கள்?

அக்கா சரத்தைப் பார்த்தாள். நடு முறத்தில் அன்னாசி இருந்து காணாமல் போன இடத்தில் அதை வளைத்து வைத்தாள். ஒரு முனையை மாதுளை மேல் ஏற்றினாள். பின்னால் சாய்ந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள்.

"இன்னாடி பண்ற! தலையில வெக்கிற பூடி அது!"

"தலையில வெச்சா எனக்குத் தெரியாது பெரிம்மா. இங்க வெச்சா நான் பாக்கலாம்."

அக்கா பிரஷ்ஷை எடுத்துத் தண்ணீரில் முக்கினாள். அப்புறம் நிமிர்ந்து வாசற்படியைப் பார்த்தாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லு மாமா. வெளிச்சம் மறைக்கிற."

மாமா தள்ளி நின்றார். சொன்னதும் கால் தானாக நகர்ந்துவிட்டது. மல்லிகை மேல் வெயில் விழுந்தது.

நைனா எழுந்துவிட்டார். "இன்னா திமிரு..." என்று கை ஓங்கிக்கொண்டு வந்தவரின் குறுக்கே அம்மா வந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை. "அடிக்கிறதுன்னா என்னிய அடி. அது முடிக்கட்டும். அது பாத்துக்கினு இருந்தது பழத்தய்யா. நான் தெனம் பாத்துக்கினுதான கீறேன்."

அக்கா போட்டுக்கொண்டிருந்தாள். வெள்ளைக் கலர் புட்டி காய்ந்துபோயிருந்தது. அதனால் மல்லிகைக்கு அவள் கலரே வைக்கவில்லை. காகிதத்தை அப்படியே விட்டுவிட்டு, சுற்றிலும் நிழலை மட்டும் போட்டாள். நிழல் ஏற ஏற, ஒன்றும் இல்லாத இடத்திலிருந்து பூ மேலே வந்தது. எவ்வளவு நேரம் ஆனதோ. பெரியவர்கள் ரெண்டு பேரும் போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் நின்றார்கள். கடைசியில் அவளே பலகையைத் திருப்பி எல்லாருக்கும் காட்டினாள்.

ஒரு தட்டு, முறங்கள், கறுத்த வாழைப்பழம், வாய் பிளந்த மாதுளை, வாடிய ஓரத்தோடு ரோஜா, நடுவில் மல்லிகை.

பெரியம்மா கிட்டப் போய்த் தேடினாள். "இதுல மாமன் எங்கடி?"

"பழமும் பூவுந்தான் பெரிம்மா போட சொன்னாங்க."

மாமா குத்துக்காலிட்டு உட்கார்ந்து படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் அம்மாவிடம், "வுடுக்கா. அது பூவ எதுக்குக் கேட்டுதோ அதுக்கே வெச்சிக்கட்டும்" என்றார். சாப்பிடாமல் போய் டிராக்டரில் ஏறிக் கிளப்பினார். நான் பின்னாலேயே கொஞ்ச தூரம் ஓடினேன். அன்று அவர் என்னை ஸ்டியரிங் பிடிக்கக் கூப்பிடவில்லை.

சாயங்காலம் அக்காவே சீரைப் பங்கு வைத்தாள். உண்மையில் பங்கு வைக்க மிஞ்சியது கொஞ்சம்தான். கறுத்த பழமெல்லாம் கன்றுக்குட்டிக்கு. நல்லது ஒவ்வொரு வீட்டுக்கும். பெரியம்மா பை மட்டும் கொஞ்சம் லேசாக இருந்தது. "இன்னாடி எனுக்கு மட்டும் இம்மாந்தான்?" என்று கேட்டதற்கு, "உன் பங்குதான் அன்னாசியா மொதல்லயே போயிட்டுதே" என்றாள். மல்லிகை அம்மாவின் கொண்டைக்குப் போனது.

திங்கட்கிழமை காலையில் அம்மா அக்காவுக்கு ரெட்டைப் பின்னல் போட்டுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள். நைனா சில மாதம் அக்காவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் ஒன்பதாம் வகுப்புக்குப் போன முதல் நாள், ஏர் ஓட்டுவதை விட்டுவிட்டு பஸ் வரும் வரைக்கும் ரோட்டோரம் நின்றார். கேட்டால் மாடு தேட வந்ததாகச் சொல்வார். இந்த வீட்டில் எல்லாருக்கும் ஒரு சாக்கு வேண்டும், அக்கா ஒருத்தியைத் தவிர.

பரிசு கிடைத்ததா என்று கேட்பீர்கள். இல்லை. மிஸ்ஸே படத்தைப் பார்த்துத் தயங்கினார். "பூச்சாடி வெச்சிருக்கலாமேம்மா. முறமெல்லாம் வந்திருக்கு. வாழைப்பழத்தையாவது மஞ்சளாக்கிக் குடு." அக்கா மாற்றித் தரவில்லை. படம் காஞ்சிபுரம் போனது, திரும்பி வரவில்லை. பரிசு நம்மில் ஒருத்தனுக்கு, காலண்டர் பழத்துக்குத்தான் கிடைத்தது. எவர்சில்வர் டிபன் பாக்ஸ். அந்த ஒருத்தனுக்கு இதைப் படிக்கும்போது சிரிப்பு வரும். எங்களிடம் மிஞ்சியது ஒரு முறம். அதன் ஓரத்தில் சிந்திய சிவப்பு கலர் எத்தனை தேய்த்தும் போகவில்லை. முறம் நைந்து பிய்கிற வரைக்கும் அம்மா அதில்தான் அரிசி புடைத்தாள்.

அக்கா ஓவியர் ஆகவில்லை. ஆக வேண்டும் என்று என்ன கட்டாயம்? பன்னிரண்டாவது முடித்து, ரத்தப் பரிசோதனைப் படிப்பு படித்து, செங்கல்பட்டில் வேலை பார்க்கிறாள். அவளே பார்த்துச் சம்மதித்துக் கல்யாணம் பண்ணிக்கொண்டாள். மாமாவும் வாலாஜாபாத்தில் பெண் எடுத்தார். எங்கள் வீட்டுக்கு வந்தால் இன்றும் வாசற்படியில் நின்று, "பாத்து சொல்லும்மா, வெளிச்சம் மறைக்கிறனா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்.

ஆனால் கல்யாணம் காட்சி என்று கூடினால் சொந்தக்காரர்கள் சொல்லும் கதை வேறு. "மாமன் பெரிய மனசு பண்ணி படிக்க வுட்டான்" என்பார்கள். "அவங்க நைனா நல்லவரு, படிக்க வெச்சாரு" என்பார்கள். நான் சும்மா இருப்பதில்லை. இலையில் சோறு ஆறினாலும் பரவாயில்லை என்று சண்டை போடுகிறேன். யாரும் விடவில்லை. யாரும் வைக்கவில்லை. பூவை வாங்கி முறத்தில் வைத்தது அவள் கை. அந்தக் கையைக் கதையிலிருந்து எடுத்துவிட்டு எனக்கு 'முதலில் படித்தவர்' பட்டம் கட்ட வராதீர்கள். அது எனக்கு வேண்டாம்.

இனி நீங்கள் கேட்ட கேள்வி. எத்தனை தட்டு?

முந்தாநாள் அக்கா போன் செய்தாள். "நாற்காலியில ஒக்கார வெச்சி காட்டறதெல்லாம் வேணாம்னு சொல்லிட்டேன். ஆனா நீ பழம் கொண்டா. எம்பொண்ணுக்கு யாரும் தொடாத பழம் நெறைய வேணும்." போனைப் பிடுங்கிய மருமகள், "மாமா, எனக்கு வரையல்லாம் தெரியாது. திங்கத்தான் தெரியும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை போகிறேன். முறத்தில் வைத்துத்தான் கொண்டுபோகிறேன். கண்ணாடிக் காகிதம் கிடையாது. எண்ணிக்கை ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று நான் பார்க்கப்போவதில்லை, பார்க்க விரும்புகிறவர்கள் வாசலில் நின்று எண்ணிக்கொள்ளட்டும். வரைவாளோ, தின்பாளோ, கன்றுக்குட்டிக்குப் போடுவாளோ, யாருக்கும் பங்கு இல்லை என்பாளோ, அது அவள் பாடு. தாய்மாமன் செய்ய வேண்டியது ஒன்றுதான் என்று எனக்குப் பதினோரு வயதிலேயே தெரியும்.

அவள் முன்னால் முறத்தை இறக்கி வைப்பேன். வாசற்படியை விட்டுத் தள்ளி நிற்பேன்.